தமிழ் எழுத்துக் கூட்டிய பாரிஸ்டர்

ஊரிலிருந்து ரயிலேறி வந்து, தாதர் நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய நாளை மும்பைத் தமிழர் யாரும் எளிதில் மறப்பதில்லை. கையில் தகரப் பெட்டி. சட்டைப் பையில் உறவினரின் முகவரி எழுதிய துண்டுச் சீட்டு. ஆண்டாப் ஹில் என்று சொல்லத் தெரியும். எந்த பஸ், எங்கே இறங்குவது என்று கேட்கத் தெரியாது. கண்டக்டர் ஏதோ கேட்பார். சில்லறையை உள்ளங்கையில் வைத்து நீட்டி, வேண்டியதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நிற்பதுதான் வழி. ஆண்டாப் ஹில் அரசு ஊழியர் குடியிருப்பில் இன்று இந்தியையும் மராத்தியையும் வெளுத்துக் கட்டுகிற பலரும் ஒரு நாள் அப்படி நின்றவர்களே.

இதே பம்பாய்த் துறைமுகத்தில் 1888 செப்டம்பர் 4-ந் தேதி 'கிளைட்' என்ற கப்பலில் ஏறிய ஓர் இளைஞரின் நிலையும் இதைவிட மேலாக இல்லை. அவருக்குப் பத்தொன்பது வயது நிறைய இன்னும் நான்கு வாரம் இருந்தது. பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போகிறார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ராஜ்கோட் பள்ளியில் ஆங்கிலத்திலேயே பாடம் படித்தவர்தான். ஆனால் படிப்பது வேறு, பேசுவது வேறு அல்லவா? இரண்டாம் வகுப்பில் அவரையும் ஜூனாகத் வக்கீல் மஜ்முதாரையும் தவிர எல்லோரும் ஆங்கிலேயர்கள். அவர்கள் பேச்சுக் கொடுத்தால் பாதி புரியாது. புரிந்தாலும், பதிலை மனத்துக்குள் ஒரு வாக்கியமாகக் கட்டி முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார். சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கும் பண்டங்களில் எதில் மாமிசம் கலக்கவில்லை என்று பரிமாறுகிறவரைக் கேட்க நா எழவில்லை. முள்ளும் கத்தியும் பிடிக்கவும் தெரியாது. ஆகவே சாப்பாட்டு அறைப் பக்கமே போகாமல், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இனிப்புகளையும் பழங்களையும் தின்றுகொண்டு அறைக்குள்ளேயே கிடந்தார்.

மஜ்முதார் அனுபவசாலி. வக்கீலாகப் போகிறவனுக்கு நாக்கு நீளமாக இருக்க வேண்டும், அயல் மொழியில் தப்பு வரத்தான் செய்யும், அதற்காக வாயை மூடிக்கொள்ளலாமா என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கூச்சம் விடவில்லை.

லண்டனில் அந்தக் கூச்சத்தோடு அவர் பட்ட பாடு தனிக் கதை. ஆங்கிலக் கனவானாக வேண்டும் என்று நல்ல உடை தைத்துக்கொண்டார். மூன்று பவுனுக்குப் பிடில் வாங்கினார். நடனத்துக்கும் பிரெஞ்சுக்கும் சொற்பொழிவுக்கும் ஆசிரியர் வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது. உண்மையில் பயன் தந்தது வேறு பழக்கம். இந்தியாவில் பத்திரிகையே படித்திராதவர், லண்டனில் தினந்தோறும் இரண்டு மூன்று நாளேடுகளைப் புரட்ட ஆரம்பித்தார். ஆங்கிலம் மெல்ல மெல்ல வசப்பட்டது. லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு லத்தீன் கட்டாயம். முதல் தடவை அதில் தோற்று, மறு தடவை தேறினார். செத்த மொழி என்று பலர் ஒதுக்கும் அந்த லத்தீன், ரோமானியச் சட்டத்தை மூலத்திலேயே படிக்க உதவியது. பின்னாளில் தென் ஆப்பிரிக்காவின் ரோமன் டச்சுச் சட்டத்தைப் புரிந்துகொள்ளவும் அதுவே கைகொடுத்தது.

எழுபத்தைந்து ரூபாய் வேலை

1891-ல் பாரிஸ்டராகத் திரும்பியவருக்குப் பம்பாய் கைகொடுக்கவில்லை. கிர்காமிலிருந்து ஐகோர்ட்டுக்கு டிராம் காசை மிச்சம் பிடித்து முக்கால் மணி நேரம் நடந்தே போவார். ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் கிடைத்த முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வி கூட வாயில் வரவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

அடுத்து அவர் செய்ததை, மும்பையில் வேலை தேடிய நம்மவர் ஒவ்வொருவரும் செய்திருப்பார்கள். பத்திரிகையில் 'தேவை' விளம்பரங்களைப் பார்த்தார். தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, சம்பளம் 75 ரூபாய் என்று ஓர் உயர்நிலைப்பள்ளி கேட்டிருந்தது. மனுப் போட்டார், பேட்டிக்கும் அழைத்தார்கள். பி.ஏ. பட்டம் இல்லை என்று தெரிந்ததும் கையை விரித்துவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷன், லத்தீன் எல்லாம் எடுபடவில்லை.

இப்படி ஊரில் பிழைப்பு இல்லாமல்தான், 1893 ஏப்ரலில் தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்கு ஓராண்டு உதவி; சம்பளம் 105 பவுன். அந்தத் தாதா அப்துல்லா சேட் ஏறக்குறைய எழுத்தறிவே இல்லாதவர். காதால் கேட்டுக் கேட்டுப் பழகிய கொஞ்சம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பாங்கு மானேஜர்களோடும் வெள்ளைக்கார வியாபாரிகளோடும் பெரிய வியாபாரமே நடத்தி வந்தார். தன் வழக்கை வக்கீலுக்கு விளக்குவதும் அவரே. ஏறக்குறைய ஐந்து ஆண்டு முன்பு கப்பல் அறையில் ஒளிந்து கிடந்தவருக்கு அந்த மனிதரைவிட நல்ல பாடப் புத்தகம் வேறு கிடைத்திருக்காது.

பிரிட்டோரியா நகரில் தங்கியிருந்தபோது, ஆங்கிலம் கற்க விரும்பும் இந்தியர்களுக்குத் தாமே சொல்லிக் கொடுப்பதாக அறிவித்தார். மூன்று பேர் கிடைத்தார்கள்: நாவிதர் ஒருவர், குமாஸ்தா ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர். மாணவர்கள் ஆசிரியர் வீட்டுக்கு வரவில்லை. ஆசிரியர்தான் மாணவர்களைத் தேடிப் போனார். சில நாள் போனால் அவர்கள் தொழிலில் மும்முரமாக இருப்பார்கள், பொறுமையாகக் காத்திருப்பார். எட்டு மாதத்தில் இருவர் கணக்கு எழுதவும் சாதாரணக் கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். நாவிதருக்கு அவ்வளவு தூரம் போகும் ஆசையில்லை. வாடிக்கைக்காரரிடம் பேசுமளவு வந்தால் போதும் என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். (அவர் கணக்கும் தப்பில்லை. பம்பாய்க்கு வந்த முதல் ஆண்டு நம்மில் எத்தனை பேர் இந்தியை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டோம்!)

பாலசுந்தரம்

நேட்டாலில் அப்போது தமிழர்கள் ஏராளம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தம். எஜமானனின் ஆங்கிலம் இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் தமிழ் அவனுக்குத் தெரியாது. தமிழர் பெயர்களில் சாமி என்று முடிவன அதிகம் என்பதால், வெள்ளையர்கள் எல்லா இந்தியரையும் 'சாமி' என்றே இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று துணிந்து திருப்பிக் கேட்ட இந்தியர்களும் உண்டு. சில துரைமார்கள் வெட்கப்பட்டார்கள். சிலர் அடிக்க வந்தார்கள்.

1894-ல் ஒரு நாள். காந்தியடிகள் டர்பனில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கிழிந்த உடையோடு ஒரு தமிழர் அலுவலகத்துக்குள் வந்து நின்றார். முன் பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம். உடல் நடுங்க அழுகிறார். தலையில் கட்டியிருந்த துணி கையில் இருக்கிறது. பெயர் பாலசுந்தரம், டர்பனில் பெயர் பெற்ற வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலி. கோபத்தில் எஜமானன் அடித்த அடி அது.

இத்தனையும் காந்தியடிகளுக்கு எப்படித் தெரிந்தது? அவருடைய அலுவலகக் குமாஸ்தா ஒரு தமிழர். அழுகையும் ரத்தமும் கலந்து வந்த வார்த்தைகளை அவர்தான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். சரித்திரம் அந்தக் குமாஸ்தாவை அதிகமாக நினைப்பதில்லை. அந்த நாற்காலியில் அன்று அவர் இல்லாவிட்டால் பாலசுந்தரத்தின் வழக்கே இல்லை.

ஒன்று மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே காந்தியடிகளுக்குப் புரிந்தது. கையிலிருந்த தலைத்துணி. வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது கூலிகள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். இவர் முன்னாலும் அப்படியே நிற்க வேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார். டர்பன் கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது மறுத்து வெளியேறியவர் காந்தியடிகள். கூசிப் போனார், துணியைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் சற்றுத் தயங்கிவிட்டுக் கட்டிக்கொண்டார். முகத்தில் தெரிந்த சந்தோஷத்துக்கு அகராதி தேவைப்படவில்லை.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். மாஜிஸ்திரேட்டிடம் நேரே அழைத்துப் போய் வாக்குமூலம் கொடுக்க வைத்தார். மாஜிஸ்திரேட் எஜமானனுக்குச் சம்மன் அனுப்பினார். ஆனால் எஜமானனைத் தண்டிப்பது காந்தியடிகளின் நோக்கமல்ல. சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டு நின்றால் சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி நின்றால் கிரிமினல் குற்றம், சிறை! அந்தச் சட்டத்திலிருந்து பாலசுந்தரத்தை மீட்க வேண்டும். கூலிகளின் பாதுகாவல் அதிகாரி சம்மதித்து ஒப்பந்தத்தை வேறு எஜமானனுக்கு மாற்ற வேண்டும்; அந்தப் புது எஜமானனும் வெள்ளைக்காரனாகவே இருக்க வேண்டும். அதையும் தேடிப் பிடித்து முடித்துக் கொடுத்தார்.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதற்குப் பிறகு அவர் அலுவலகத்துக்குக் கூலித் தொழிலாளர்கள் வந்தபடியே இருந்தார்கள். வந்தவர்களில் பலர் பேசியது, அவருக்குத் தெரியாத தமிழ்.

கப்பலில் ஒரு புத்தகம்

1896-ல் குடும்பத்தை அழைத்துவர அவர் 'பொங்கோலா' என்ற கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். இருபத்து நான்கு நாள் பயணம். முஸ்லிம் மக்களோடு நெருங்க உருது வேண்டும், சென்னை மாகாணத்தாரோடு நெருங்கத் தமிழ் வேண்டும் என்று நேட்டால் அனுபவம் சொல்லியிருந்தது. மேல்தட்டுப் பிரயாணிகளில் ஒரு நல்ல முன்ஷி கிடைத்தார். கப்பல் அதிகாரியான ஓர் ஆங்கிலேயரும் சேர்ந்துகொள்ள, இருவருமாக உருது படித்தார்கள். ஒரு தடவை பார்த்த சொல்லை அந்த ஆங்கிலேயர் மறக்கவே மாட்டார். காந்தியடிகளுக்கோ எழுத்தை அடையாளம் காண்பதே சிரமம். எவ்வளவு முயன்றும் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

தமிழுக்கு முன்ஷி இல்லை. கப்பல் டாக்டர் கொடுத்த ஒரு தமிழ்ச் சுயபோதினிதான் ஆசான். அதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்.

அந்த ஆண்டு அக்டோபரில் சென்னைக்கு வந்தபோது, பாலசுந்தரத்தின் கதையால் ஊரே உருகிப் போயிருந்தது. பச்சையப்பன் மண்டபத்தில் பெரிய கூட்டம். அங்கே எல்லாரிடமும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது; இருந்தும், அவர்கள் காட்டிய அன்பில் சொந்த வீட்டில் இருப்பது போலவே உணர்ந்தார்.

அதற்குப் பிறகு தமிழ் படிக்க அவருக்கு ஓய்வு கிடைத்த இடம் சிறைதான். தென் ஆப்பிரிக்கச் சிறைகளில் போப்பையரின் தமிழ்க் கைநூலை வைத்துக்கொண்டு படித்தார். திருநெல்வேலிச் சீமையில், சாயர்புரத்தில் பள்ளி நடத்திய அதே ஜி.யு.போப்தான். 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் ஆங்கிலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு குஜராத்தி பாரிஸ்டர், ஆப்பிரிக்கச் சிறைக்குள் அ, ஆ எழுதினார்!

1903-ல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. ஆள் கிடைக்காமல் தமிழ், இந்திப் பகுதிகளை 1906-ல் நிறுத்த வேண்டியதாயிற்று.

1910-ல் ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே குடியேறின. பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமே! தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார் யார் தெரியுமா? காந்தியடிகளே. போப்பையர் புத்தகத்துக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அவர்களுக்கு எழுத்தே தெரியாது. ஆகவே எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக் கொடுக்க அவரால் முடிந்தது. பேச்சிலோ நேர் எதிர். வாத்தியாரைப் பிள்ளைகள் எந்த நாளும் தோற்கடித்துவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால், அந்தப் பிள்ளைகளே நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்கள். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாக அவர் பாவனை செய்யவில்லை. அதனாலேயே வகுப்பு உற்சாகமாக நடந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்து, தமிழைச் சரளமாகப் பேசி, பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டால் விழிக்கிற பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிற பெற்றோருக்கு இந்தக் காட்சி கண்முன் வரும்.

அக்கூட்டத்தின் தமிழ்த் தலைவர் தம்பி நாயுடு வேறு வார்ப்பு. மொரீஷியஸில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், எழுதுவார். இலக்கணம் சில இடத்தில் இடறும். தமிழோடு இந்துஸ்தானியும் தெலுங்கும் மொரீஷியஸின் கிரியோல் பேச்சும் வரும். பாரிஸ்டர் கப்பலிலும் சிறையிலும் தேடியதை, இவர் வாழ்க்கையிலேயே பொறுக்கிச் சேர்த்திருந்தார்.

நியூகாஸில் சுரங்கங்கள்

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் மீது 1895-ல் நேட்டால் அரசு தலைக்கு மூன்று பவுன் வரி போட்டிருந்தது. கணவன், மனைவி, 16 வயதுக்கு மேற்பட்ட மகன், 13 வயதுக்கு மேற்பட்ட மகள் என்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன். குடும்பத் தலைவனின் மாத வருமானமோ 14 ஷில்லிங்குக்கு மேல் போனதில்லை. 1913-ல் கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்ததும் பெண்களும் களத்தில் இறங்கினார்கள்.

டால்ஸ்டாய் பண்ணையில் இருந்திருந்த பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கைக்குழந்தையோடு. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி, நேட்டாலின் நியூகாஸில் நகரத்துக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். இருபது ஆண்டு காலம் மனுவும் கடிதமும் ஆங்கிலத்தில் எழுதிய பாரிஸ்டரால் செய்ய முடியாத காரியம் இது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து சொந்த மொழியில் சொன்னபோது, சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அரசு பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்து மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பியது. வேலைநிறுத்தம் மேலும் பரவியது.

நியூகாஸிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர், நடுத்தர வசதிக்காரர்தான், தம் வீட்டைத் திறந்துவிட்டார். நவம்பர் 6-ந் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு காந்தியடிகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார். நான்கு நாளில் மூன்று தடவை கைதானார். 1914-ல் மூன்று பவுன் வரி ரத்தாயிற்று. அதைப் பார்க்க வள்ளியம்மை இல்லை. தில்லையாடி வம்சத்தில் வந்த அந்தப் பதினாறு வயதுப் பெண், சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டாள்.

1915 ஜனவரி 9-ந் தேதி காந்தியடிகள் பம்பாயில் இறங்கினார். குஜராத்திகள் நடத்திய வரவேற்பில் தலைவர் ஜின்னா ஆங்கிலத்தில் பேசினார். குஜராத்திகள் கூட்டத்தில் ஆங்கிலம் எதற்கு என்று அடக்கமாக ஆட்சேபம் தெரிவித்து, காந்தியடிகள் குஜராத்தியில் பதில் சொன்னார். அதே ஆண்டு தமிழகம் வந்து தில்லையாடிக்கும் போனார். ஆனால் தமிழில் பேச அவருக்குக் கடைசிவரை வரவில்லை. சிறையில் கற்ற எழுத்தும் பழக்கம் இல்லாமல் துருப்பிடித்தது. அது தமக்கு எவ்வளவு பெரிய குறை என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

தமிழர்கள் இந்தி கற்க வேண்டும் என்று 1918-ல் மகன் தேவதாஸையே ஆசிரியராகச் சென்னைக்கு அனுப்பியவரும் அவர்தான். விரும்பிப் படிப்பது ஒன்று, கட்டாயம் வேறொன்று. 1938-ல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது எழுந்த போராட்டமும், அதில் சிறையில் உயிர் விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவும் தமிழகம் அறிந்தவை. 1940-ல் அந்தக் கட்டாயம் விலகியது.

எழுபத்தேழாவது வயதில், 1946 நவம்பரில், கலவரத்தால் எரிந்துகொண்டிருந்த நவகாளிக்குப் போனார் காந்தியடிகள். அந்தக் கிராமங்களில் வங்காளம் ஒன்றுதான் பேச்சு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்து நிர்மல் குமார் போஸ் மொழிபெயர்க்க உடன் வந்தார். அவரையே ஆசிரியராகக் கொண்டு, கிழவர் மறுபடியும் எழுத்துக் கூட்டத் தொடங்கினார். வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தபோதும் அந்தப் பாடம் நிற்கவில்லை. டில்லிக்கு வந்த பிறகும் தொடர்ந்தது. 1948 ஜனவரி 30-ந் தேதி மாலை பிரார்த்தனைக்குப் போகிற வழியில் அவர் சுடப்பட்டார். அன்றும் அவர் வழக்கம்போல் வங்காள எழுத்துப் பாடத்தை எழுதி முடித்திருந்தார்.